வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் - சிறு விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் கிராமங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். வீட்டில் இருக்கும் இளைஞனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்பதே அந்தப் பேச்சு. காவிரியின் கடைமடைப் பகுதியிலும், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரிப் பகுதியிலும் இந்தப் பேச்சு எழாத ஊர் குறைவு. இரண்டு ஏக்கர் நிலத்தில் நான்கு பேர் உழைத்தாலும் வருமானம் ஒருவருக்குரியதே. ஆகவே ஒருவர் வெளியே சென்று சம்பாதிப்பது குடும்பத்துக்கு நல்லதுதான்.

ஆனால் அந்தப் பயணத்திற்காக நிலத்தை ஒத்திக்கு வைத்து, நகையை அடகு வைத்து, பணத்தை முகவரிடம் (ஏஜெண்டிடம்) கொடுத்துவிட்டு, வேலையும் இல்லாமல் நிலமும் இல்லாமல் நிற்கும் குடும்பங்களும் உண்டு. விதை வாங்கும்போதும் உரம் வாங்கும்போதும் காட்டும் எச்சரிக்கையை, முகவரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் காட்டுவதில்லை. விதை கெட்டால் ஒரு போகம் போகும். முகவர் கெட்டவராக அமைந்தால் நிலமே போகும்.

அண்மைக் காலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி முகவர்கள் வந்துவிட்டனர். வெல்டர், பிட்டர் வேலைக்கு மட்டும் ஆள் எடுப்பவர்கள், செவிலியர்களை மட்டும் எடுப்பவர்கள், பேரீச்சைப் பண்ணை, கோழிப் பண்ணை, பசுமைக்குடில், எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஆகியவற்றிற்கு ஆள் எடுப்பவர்கள் என்று இவர்கள் பல வகைப்படுவர். இத்தகைய தனித்துறை முகவரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது இங்கே விளக்கப்படுகிறது.

முகவர் யாருடைய ஆள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், வேலை தேடுபவருக்காக வேலை செய்பவர் அல்லர். வேலை கொடுக்கும் முதலாளிக்காக வேலை செய்பவர். வெளிநாட்டு முதலாளி "எனக்கு இருபது டிராக்டர் ஓட்டுநர் வேண்டும், பத்து சொட்டுநீர்க் குழாய் பதிப்பவர் வேண்டும்" என்று எழுத்து மூலம் கேட்கிறார். அதற்கு ஏற்ற ஆளைத் தேடிக் கொடுப்பதே முகவரின் பணி.

தரகு மண்டிக்கு நெல் கொண்டு செல்லும் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். தரகர் இனிமையாகப் பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் அவர் கண் வாங்குபவரின் பணப்பையில்தான் இருக்கும். அதனால் தரகர் கெட்டவர் என்று பொருளில்லை. அவர் யாருக்காக எடை போடுகிறார் என்று தெரிந்துகொண்டு பேரம் பேச வேண்டும், அவ்வளவே.

இதிலிருந்து மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, முதலாளியிடமிருந்து ஆள் கேட்டுக் கடிதம் வராத வரையில் முகவரிடம் வேலை கிடையாது. பெயரைப் பதிவு செய்துகொண்டு, "வேலை வந்தால் சொல்கிறேன்" என்பவர் உண்மை பேசுகிறார். "பணம் கட்டுங்கள், எப்படியும் வேலை வாங்கித் தருகிறேன்" என்பவர் உண்மை பேசவில்லை.

இரண்டாவது, ஒரு இடத்திற்குப் பத்துப் பேரை அழைத்துப் பார்த்து ஒருவரையே எடுப்பார்கள். தேர்வாகாதது அவமானம் அன்று.

மூன்றாவது, ஆள் எடுப்பதற்கான செலவை முதலாளியே ஏற்பதுதான் முறை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் பற்றிய உடன்படிக்கை, தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்துள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. இந்தியச் சட்டம் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சேவைக் கட்டணம் வாங்க அனுமதிக்கிறது. அந்த வரம்பு எவ்வளவு என்பது பின்னர் கூறப்படும்.

கங்காணி காலத்துப் பாடம்

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆள் எடுப்பவர் புதியவர் அல்லர். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், உறவுக்காரர். முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வார். அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நிற்கும். இலங்கையில் அந்தக் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு ஆளை மாற்றும்போது கடனையும் சேர்த்தே மாற்றினார்கள். இதற்குத் "துண்டு" முறை என்றே பெயர். 1921-ஆம் ஆண்டில் இது ஒழிக்கப்பட்டது. 1922-ஆம் ஆண்டில் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. மலேயாவுக்குக் கங்காணி வழி ஆள் செல்வது 1938-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொழிலாளியைக் கட்டிப் போட்டது தோட்டத்தின் வேலி அன்று. புறப்படுமுன் ஏறிய கடன். அன்று அந்தக் கடன் கங்காணியிடம் இருந்தது. இன்று அது வட்டிக்கடைக்காரரிடம் இருக்கிறது. கடன் அடையும் வரை எவ்வளவு கெட்ட வேலையாக இருந்தாலும் விட்டுவர முடியாது என்ற நிலை மாறவில்லை. ஆகவே குறைந்த கடனோடு புறப்படுவதே முதல் பாதுகாப்பு ஆகும்.

பதிவு எண்ணைப் பார்க்கவும்

சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். அட்டை இல்லாத விதையை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விவரம் தெரிந்த விவசாயி வாங்குவதில்லை. முகவருக்கும் அதைப் போன்ற அடையாளம் உண்டு.

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, மைய அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் உள்ள குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவுச் சான்று பெறாமல் எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. மீறினால் ஈராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பதிவு பெற்ற முகவர் அரசிடம் வங்கி உறுதி கட்டியிருப்பார். அவர் தவறு செய்தால் அரசின் பிடியில் அந்தத் தொகை இருக்கும். பதிவு இல்லாதவர் ஓடிவிட்டால் பிடிக்க எதுவும் இல்லை.

பதிவு எண்ணை முகவர் தம் அலுவலகத்திலும், செய்தித்தாள் விளம்பரத்திலும், கைப்பேசி வழி அனுப்பும் விளம்பரத்திலும் காட்ட வேண்டும். எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, அரசின் "இ-மைக்ரேட்" இணையதளத்தில் பார்த்தால், அந்தப் பதிவு நடப்பில் உள்ளதா, காலாவதியானதா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். வீட்டில் கைப்பேசி இல்லாதவர்கள் அருகிலுள்ள இ-சேவை மையத்தில் கேட்கலாம். ஒரு மணி நேர வேலைதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சென்னையிலோ மும்பையிலோ உள்ள பதிவு பெற்ற முகவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஊருக்குள் வந்து பணம் வசூலிப்பவர்கள் பலர். "நான் அவருடைய சப்-ஏஜெண்டு" என்பார்கள். சட்டம் துணை முகவர் என எவரையும் ஏற்கவில்லை. ஒருவர் பெற்ற பதிவை இன்னொருவர் பயன்படுத்தவும் கூடாது. ஊர்க்காரர் ஒருவர் தகவல் சொல்வதில் தவறில்லை. ஆனால் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது. பதிவு பெற்ற அலுவலகத்திற்கு நேரில் சென்று, பெயர்ப் பலகையையும் சான்றையும் பார்த்த பின்னரே பேச்சைத் தொடங்க வேண்டும். போக்குவரத்துக்கு ஐந்நூறு ரூபாய் செலவாகலாம். அது வீண் செலவாகாது.

தமிழக அரசுக்கும் இதற்கென ஒரு நிறுவனம் உண்டு. 1978-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் செயல்படுகிறது. தனியாரிடம் செல்லுமுன் அங்கே பெயரைப் பதிந்து வைப்பது நலம்.

தனித்துறை முகவரிடம் எதிர்பார்க்கக் கூடியவை

ஒரே தொழிலுக்கு ஆள் எடுக்கும் முகவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் அவருடைய சிறப்பு. பண்ணை வேலைக்கு ஆள் எடுப்பவர், வந்தவரைப் பார்த்ததும் விவரமாகக் கேள்வி கேட்பார். எத்தனை ஆண்டு டிராக்டர் ஓட்டினீர்கள்? சுழல் கலப்பை பூட்டத் தெரியுமா? விசைத் தெளிப்பான் இயக்கியதுண்டா? ஒட்டுக்கட்டத் தெரியுமா? மரம் ஏறுவீர்களா? இப்படிக் கேட்பது நல்ல அறிகுறி. எதுவும் கேட்காமல் "பாஸ்போர்ட் இருக்கிறதா, பணம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்பவர், ஆளைத் தேடவில்லை, பணத்தைத் தேடுகிறார்.

கேள்விக்குப் பின் தொழில் தேர்வு நடக்கும். முதலாளியின் ஆளே வந்து செய்து காட்டச் சொல்வதும் உண்டு. வேளாண் அறிவியல் நிலையத்திலோ பிற இடங்களிலோ பயிற்சி பெற்ற சான்றிதழ் இருந்தால் எடுத்துச் செல்லவும். ஆயினும் சான்றிதழைவிடக் கை வேலைக்கே மதிப்பு. தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிடக் கூடாது. சென்ற இடத்தில் அது வெளிப்பட்டால், சம்பளம் குறைந்த வேலைக்குத் தள்ளப்படவோ திருப்பி அனுப்பப்படவோ நேரும்.

வேலை தேடுபவரும் திருப்பிக் கேட்க வேண்டும். பண்ணை எந்த நாட்டில், எந்த ஊர் அருகில்? என்ன பயிர்? திறந்தவெளியா, பசுமைக்குடிலா? நாளுக்கு எத்தனை மணி நேரம்? தங்கும் இடம் எப்படி, ஓர் அறையில் எத்தனை பேர்? குடிநீர், சமையல் ஏற்பாடு என்ன? கோடை வெயிலில் நண்பகல் ஓய்வு உண்டா? சவுதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் வெயிலில் வெட்டவெளி வேலைக்கு அரசு தடை விதித்துள்ளது. துறை தெரிந்த முகவர் இவற்றுக்கு உடனே பதில் சொல்வார். தெரியாததை விசாரித்துச் சொல்வார். "அங்கே போனால் எல்லாம் தெரியும்" என்பது பதிலாகாது.

வேலை நிச்சயம் என்ற உறுதி, இன்ன தேதிக்குள் விசா என்ற உறுதி, சென்றபின் சம்பளம் உயரும் என்ற உறுதி ஆகியவற்றை எந்த முகவரிடமும் எதிர்பார்க்கக் கூடாது. அவை அவர் கையில் இல்லை. சொன்னால் நம்பவும் கூடாது.

படிப்படியாக நடக்க வேண்டியவை

முறையாக ஆள் எடுக்கும்போது கீழ்க்கண்ட வரிசையில் காரியங்கள் நடக்கும்.

1. முதலாளியின் ஆள் கோரும் கடிதம் முகவரிடம் வரும். அதில் வேலையின் பெயர், ஆள் எண்ணிக்கை, சம்பளம் ஆகியவை இருக்கும். அதைக் காட்டும்படி கேட்கலாம்.

2. நேர்காணலும் தொழில் தேர்வும் நடக்கும். இதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

3. மருத்துவப் பரிசோதனை நடக்கும். வளைகுடா நாடுகளுக்கு, அந்நாடுகள் ஏற்றுக்கொண்ட மையங்களில் செய்த பரிசோதனையே செல்லும். நெஞ்சில் காசநோயின் தழும்பு, மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை இருந்தால் தகுதியில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே பரிசோதனை முடிவு தெரியும் முன்னரே கடன் வாங்கிப் பெரும்பணம் கட்டுவது தவறு.

4. வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகும். தொழிலாளி, முதலாளி, முகவர் ஆகிய மூவரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

5. வேலை விசா வரும். அதில் உள்ள வேலையின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

6. தேவைப்படுவோருக்குக் குடிபெயர்வு அனுமதியும் காப்பீடும் பெறப்படும். ஒருநாள் புறப்பாட்டு முன்பயிற்சியும் அரசு ஏற்பாட்டில் உண்டு.

7. அதன் பிறகே பயணம்.

இந்த வரிசை மாறி, பணம் முதலிலும் ஒப்பந்தம் விமான நிலையத்திலும் வந்தால், அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

பாஸ்போர்ட்டும் குடிபெயர்வு அனுமதியும்

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட், பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து செல்பவர்களில் பலர் இந்த வகையினரே. சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இவ்வகைப் பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

சிலர் இதை வீண் தொல்லை என்று நினைக்கிறார்கள். "சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று முகவர் சொல்வதை ஏற்கிறார்கள். இது பெருந்தவறு. அனுமதி கேட்கும்போதுதான் முதலாளியின் விவரமும் ஒப்பந்தமும் அரசின் கணக்கில் ஏறுகின்றன. சுற்றுலா விசாவில் சென்றவரைப் பற்றிய எந்த வேலைக் குறிப்பும் எங்கும் இருக்காது. பிடிபட்டால் குற்றவாளியாகக் கருதப்படுபவர் தொழிலாளியே. 2022-ஆம் ஆண்டு முதல், தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட செய்திகள் வெளிவந்தன. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தனர்.

விசா பெறுவதற்காகப் பாஸ்போர்ட்டை முகவரிடம் கொடுக்க நேர்ந்தால், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளவும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ரசீது ஆகிய நான்கின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைக்கவும்.

கட்டணம் எவ்வளவு?

பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக் கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 5,400 ரூபாய். ஆக மொத்தம் 35,400 ரூபாய். இதற்கு ரசீது தர வேண்டும். இதற்கு மேல் கேட்பது விதிமீறல்.

பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, காப்பீடு ஆகியவற்றின் செலவு இதில் சேராது. விமானச் சீட்டு யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் "விசாவுக்கு ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம்" என்று கேட்கும் தொகைக்கும் இந்தச் செலவுகளுக்கும் தொடர்பில்லை. அவ்வளவு தொகைக்கு ரசீதும் வராது. ரசீது தர மறுப்பதே தவறு நடக்கிறது என்பதற்குச் சான்று.

ஒரு கடன் கணக்கு

பயிருக்கு வரவு செலவு போடுவதுபோல இதற்கும் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம்.

ஒருவர் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 1,50,000 ரூபாய் கடன் வாங்கி முகவரிடம் கொடுக்கிறார். மாதச் சம்பளம் 25,000 ரூபாய் என்பது பேச்சு. சாப்பாட்டுச் செலவு போக 18,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்பி, முழுவதையும் கடனுக்கே கட்டினால் கடன் அடைய 10 மாதம் ஆகும். அதில் வட்டி மட்டும் 25,000 ரூபாய்க்கு மேல். பத்து மாதமும் வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாயும் இல்லை.

இது எல்லாம் சொன்னபடி நடந்தால். முதல் மூன்று மாதம் சம்பளம் வராமல், பிறகு 12,000 ரூபாய்தான் அனுப்ப முடிந்தது என்று வைத்துக்கொண்டால், கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து கடன் 1,63,909 ரூபாய் ஆகிவிடும். அதை அடைக்க மேலும் 18 மாதம். ஆக இரண்டாண்டு ஒப்பந்தத்தில் 21 மாதம் கடனுக்கே போய்விடும். மிஞ்சுவது மூன்று மாதச் சம்பளம்.

அதே மனிதர் விதிப்படி 35,400 ரூபாய் மட்டும் கட்டிச் சென்றிருந்தால், அதே வட்டியில் கடன் வாங்கியிருந்தாலும், மாதம் 18,000 ரூபாய் அனுப்பினால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மூன்றாம் மாதத்தில் சில்லறைதான் பாக்கி இருக்கும். இவ்வளவு வேறுபாடு முகவரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

நிலப் பத்திரத்தை முகவருக்காக எவரிடமும் கொடுக்கக் கூடாது. பயிர்க் கடனாக வாங்கிய பணத்தை இதற்குத் திருப்பவும் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த போகத்திற்கு விதைக்கும் உரத்திற்கும் கைமுதல் இருக்காது. முதல் ஆறு மாதம் வெளிநாட்டுப் பணம் வராவிட்டாலும் வீட்டில் உலை கொதிக்குமா என்று பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ அரபு மொழியிலோ இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர், வங்கி அலுவலர் போன்ற ஒருவரிடம் கொடுத்து வரிவரியாகப் பொருள் கேட்க வேண்டும். கீழ்க்கண்டவை அதில் உள்ளனவா என்று பார்க்கவும்.

- வேலையின் பெயர். அடிக்கடி ஏமாற்றம் நிகழ்வது இங்கேதான். "பண்ணை ஓட்டுநர்" என்று சொல்லி அழைத்துச் சென்று ஆடு, ஒட்டகம் மேய்க்க விடுவது உண்டு. வளைகுடா நாடுகள் சிலவற்றில் தனியாரிடம் மேய்ச்சல் வேலை செய்பவர்களுக்குப் பொதுத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை. பாலைவனத்தில் தனியே இருக்க நேரிடும்.
- அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்ற பிரிவு. மிகைநேரக் கூலியையும் சேர்த்துச் சம்பளமாகச் சொல்வது வழக்கம். அது தினமும் கிடைக்காது.
- வேலை நேரம், வார விடுமுறை.
- உணவு, தங்குமிடம், மருத்துவம் யார் பொறுப்பு என்பது.
- ஒப்பந்தக் காலம், முடிந்தபின் திரும்பும் பயணச் சீட்டு.
- இடையில் விலகினால் என்ன பிடித்தம் என்பது.

விமானம் ஏறும் நேரத்திலோ, அங்கே இறங்கிய பிறகோ வேறொரு தாளில் கையெழுத்து கேட்டால், ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்க்காமல் போடக் கூடாது. அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதை வளைகுடா நாடுகள் பலவற்றின் சட்டமே தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்க.

காப்பீடு

குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள் "பிரவாசி பாரதிய பீமா யோஜனா" என்ற காப்பீட்டில் சேருவது கட்டாயம். இதன் கட்டணம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். இந்தச் சிறு கட்டணத்துக்குரிய சீட்டு வீட்டில் இருக்க வேண்டும். முகவர் எடுத்துவிட்டதாகச் சொன்னால் போதாது. சீட்டைக் கையில் வாங்க வேண்டும். வாரிசு பெயர் சரியாக உள்ளதா என்றும் பார்க்கவும்.

கெட்ட முகவரின் அடையாளங்கள்

பயிரில் நோயை முதல் புள்ளியிலேயே கண்டுகொண்டால் காப்பாற்றலாம். இங்கும் அப்படியே. வாட்ஸ்ஆப் வழியாக மட்டும் பேசி அலுவலக முகவரி சொல்லாதவர், பதிவு எண் கேட்டால் கோபிப்பவர், ரசீது தராதவர், "இன்று மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துபவர், சுற்றுலா விசாவில் போகச் சொல்பவர், கல்வி, வயது விவரங்களை மாற்றி எழுதச் சொல்பவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடுக. இவற்றுள் ஒன்று தெரிந்தாலே போதும், இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

உறவினர் சிபாரிசு செய்தார் என்பதும் காவலாகாது. அந்த உறவினரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம்.

தவறு நேர்ந்துவிட்டால்

ஊரில் இருக்கும்போதே ஏமாற்றப்பட்டது தெரிந்தால், ரசீது, வங்கி வழிப் பணம் அனுப்பிய விவரம், கைப்பேசிச் செய்திகள் ஆகியவற்றுடன் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுத்தவர்களுக்கே இங்கு வலு இருக்கும்.

வெளிநாடு சென்றபின் சிக்கல் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். துன்பத்தில் சிக்கியவர்களுக்கு உதவத் தூதரகங்களில் 2009-ஆம் ஆண்டு முதல் இந்தியச் சமுதாய நல நிதி உள்ளது. குடும்பத்தினர் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்தில் முறையிடலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம். விசாரணைக்கும் ஆலோசனைக்கும் மைய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 11 3090. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்து வைப்பதால் கடன் ஏறுமே தவிரக் குறையாது. அதே முகவர் பக்கத்து ஊரிலும் வசூலிப்பார்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் மைய அரசு வரைவுகளை வெளியிட்டது. ஆகவே புறப்படும் சமயத்தில் கட்டணமும் விதியும் என்ன என்பதை மேற்கண்ட எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

முடிவாக

பதிவு எண்ணைச் சரிபார்த்தல், அலுவலகத்திற்கு நேரில் செல்லுதல், மருத்துவ முடிவும் ஒப்பந்தமும் வந்தபின் பணம் கட்டுதல், 35,400 ரூபாய்க்கு மேல் கொடாதிருத்தல், ரசீது வாங்குதல், வேலை விசாவில் மட்டுமே செல்லுதல், காப்பீட்டுச் சீட்டை வீட்டில் வைத்தல் ஆகிய ஏழையும் கடைப்பிடித்தால் ஏமாற வழி மிகக் குறைவு. நல்ல முகவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கேட்டு வந்த ஆளே அங்கே சென்று நிலைத்து நிற்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாடு சென்றவர் இரண்டாண்டு கழித்துத் திரும்பும்போது நிலம் அவருடையதாகவே இருக்க வேண்டும். அதில் ஓர் ஆழ்குழாய்க் கிணறோ, சொட்டுநீர்க் குழாயோ, இரண்டு கறவை மாடோ கூடியிருந்தால் அந்தப் பயணம் பயன் தந்தது எனலாம். அதற்கான அடித்தளம் புறப்படுமுன் முகவரின் மேசை எதிரே அமர்ந்து கேட்கும் கேள்விகளில்தான் இருக்கிறது.